கொடைக்கானலில் நீர்வண்ண நாட்குறிப்பு: வானம் திட்டுத்திட்டாகிறது, உதவுங்கள்

பூம்பாறை வழி: வணக்கம். தினம் ஒரு படம் வரைந்து கீழே நாலு வரி எழுதலாம் என்று போன வாரம் நாட்குறிப்பு தொடங்கினேன். நேற்று பூம்பாறையின் படிப்படியான பூண்டு வயல்கள். வயல் பரவாயில்லை, வானம்தான் பாழ். வண்ணம் பரவவே மாட்டேன் என்கிறது. தூரிகை பட்ட இடத்திலேயே கருநீலப் புள்ளிகளாக இறங்கிவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார், காட்ட வேண்டும்.

குன்னூர்த் தூறல்: என்ன தாள்? எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் கனம்)? போட்டோ போடுங்கள்.

கேத்திக்காரர்: கேக் வண்ணமா (காய்ந்த கட்டி), டியூபா? வெளியில் உட்கார்ந்தா வரைகிறீர்கள்? மூடுபனியில் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) சீக்கிரம் காயாது. பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகையை வைத்தால் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். நிச்சயம் அதுதான்.

தூரிகை68: மாதம் ஒருவர் இதையே கேட்கிறார்கள். தம்பி, நாட்குறிப்பெல்லாம் அப்புறம். முதலில் ஐம்பது வாஷ் போட்டுப் பழகு. பலகையைச் சாய்த்து வை, தூரிகை நிறைய வண்ணம் எடு, கோட்டின் அடியில் தேங்கும் ஈரத்தை அடுத்த கோட்டுக்கு இழுத்து வா. இது தெரியாமல் வானத்தில் கைவைத்தால் இப்படித்தான் ஆகும்.

குன்னூர்த் தூறல்: அண்ணா, பழகத்தானே அவர் நாட்குறிப்பே தொடங்கியிருக்கிறார். கேத்தி அண்ணா, விளிம்பு கட்டுவது வேறு, புள்ளியாக இறங்குவது வேறு.

பூம்பாறை வழி: 300 ஜிஎஸ்எம், முழுக்கப் பருத்தி என்று அட்டையில் இருக்கிறது. கேக் வண்ணம். வீட்டுக்குள்தான் வரைகிறேன்.

மேல்மலை: நல்ல தாள்தான். எப்போது வாங்கியது?

பூம்பாறை வழி: பரிசாக வந்து மூன்று வருடம் இருக்கும். பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

மேல்மலை: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். வண்ணத்தை மேலேயே நிறுத்திவைப்பது அதுதான். மூன்று மழைக்காலம் ஈரம் குடித்தால் அந்தப் பசை அங்கங்கே செத்துவிடும். ஒரு மூலையில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல தாளில் சொட்டு பளபளவென்று கொஞ்ச நேரம் நிற்கும். பசை போன தாள் மையொற்றும் தாள் மாதிரி உடனே உறிஞ்சிக்கொண்டு, அந்த இடம் மட்டும் இருண்டு தெரியும். 2018இல் குறிஞ்சி பூத்தபோது பழைய தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அல்ட்ராமரைனும் ரோஸும் கலந்து அந்த ஊதா சரியாக வந்தது, தாளில் வைத்ததும் கறையாகிவிட்டது. அடுத்த பூப்பு 2030இல்தான். இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் புத்தகத்தைத் தூக்கிப்போடாதீர்கள். பேனாக்கோட்டுக்கும் குவாஷுக்கும் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) ஆகும்.

தூரிகை68: குவாஷா? நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தாளின் வெள்ளைதான். பனிக்கு வெள்ளை பூசுவது ஏமாற்று.

கேத்திக்காரர்: ஆங்கிலேய ஓவியர் டர்னரே நீலத்தாளில் வெள்ளை கலந்த வண்ணம் பூசியிருக்கிறாரே. தூண் பாறையில் பனி ஏறினால் ஐந்து நிமிடத்தில் பாறையே தெரியாது. எங்கே வெள்ளை விடுவது என்று யோசிக்க நேரம் ஏது?

தூரிகை68: தாளின் வெள்ளையை விட்டுவைக்கத் தெரிந்த பிறகு அவர் பூசினார்.

கேத்திக்காரர்: நாட்குறிப்பு என்ன கண்காட்சிக்கா போகிறது? அன்று பார்த்தது தாளில் இருந்தால் போதும்.

குன்னூர்த் தூறல்: இரண்டுமே வேண்டாம், ஈரம் காயும் முன் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுத்தாலே பனி வரும். தனி இழை தொடங்குங்கள், கேட்டவர் காத்திருக்கிறார்.

பூம்பாறை வழி: சொட்டு விட்டேன். உடனே இறங்கிவிட்டது, நாலு தாளிலும். மதுரையிலிருந்து புதுப் புத்தகம் வருகிறது. நன்றி மேல்மலை அக்கா.

மேல்மலை: புதியதை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கேக் பெட்டியையும் ஈரத்தோடு மூடாதீர்கள், நம் ஊர்க் குளிரில் பூசணம் பிடிக்கும்.

குன்னூர்த் தூறல்: ஞாயிறு போய்விட்டதே, அம்மா பார்த்தாரா?