புதுப்பிப்பு: எட்டாயிரத்துல மைக் மாத்தறதா, இன்டர்ஃபேஸ் மாத்தறதா?

ஐடியா குடுத்த எல்லாருக்கும் தாங்க்ஸ்ங்க. வியாசர்பாடில ரோட்டோர ரூம், கானா பாடி ரெக்கார்ட் பண்றேன், சின்ன சத்தத்தயும் இழுக்கற கண்டென்சர் மைக்ல ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேந்து விழுது, எத மாத்தறதுன்னு கேட்டிருந்தேன்ல.

இன்டர்ஃபேஸ (மைக்க கம்ப்யூட்டரோட சேக்கற பெட்டி) தொடவே இல்ல. "டைனமிக் மைக் வாங்கு, வாய்கிட்ட வச்சுப் பாடு"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதான் வேலைக்கு ஆச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல கார்டியாய்டு டைனமிக் (முன்பக்க சத்தத்த நல்லா எடுக்கும், முதுகுப்பக்கம் கம்மியா எடுக்கும்) ஒண்ணு வாங்கி, அதோட முதுகு ஜன்னல் பக்கம் இருக்கற மாதிரி வச்சு நாலு விரல் தூரத்துல பாடினா ஹாரன் நல்லாவே அடங்கிருச்சு. மீதி காசுல எம்.சி. ரோட்ல கனமான போர்வை, எனக்குப் பின்னாடி தொங்குது, எதிரொலிக்கு மட்டும்தான், வெளி சத்தத்த அது தடுக்காது.

எதிர்பாக்காதது ஒண்ணு: இந்த மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் (இன்டர்ஃபேஸ்லேர்ந்து மைக்குக்குப் போற கரண்ட்) வேணாம், ஆனா கெயின் (மைக் சத்தத்த ஏத்தறது) எக்கச்சக்கமா கேக்குது, ஃபுல்லா திருப்பினா லேசா உஸ்ஸுன்னு வருது. கானாக்குத் தொண்ட கிழியப் பாடறதால எனக்குப் பிரச்சன இல்ல, மெதுவா பேசறவங்க யோசிச்சு வாங்குங்க. தபேலாக்கு இன்னும் பழைய கண்டென்சர்தான், மிக்ஸி ஓடாத நேரமா பாத்து.