ஜெர்மனிக்கு வருகிறவர்களின் மருந்துப் பை

அக்டோபர் செமஸ்டருக்கு வரும் தம்பி தங்கைகளே, பெட்டி கட்டும்போது மருந்துப் பையை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

நம் ஊர் மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால், அட்டையைக் கத்தரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். நானும் அப்படித் துண்டு துண்டாகத்தான் கொண்டுவந்தேன். முதல் டிசம்பரில், ஒரு ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு நல்ல காய்ச்சல். பையைத் தேடினால், ஒரு துண்டில் பெயரின் கடைசி மூன்று எழுத்துதான் இருக்கிறது. இன்னொன்றில் அதுவும் இல்லை. காலாவதி தேதி கடைக்காரரிடம் இருக்கும் மீதி அட்டையோடு போய்விட்டது. அம்மாவைக் கேட்கலாமென்றால் அங்கே விடிகாலை மூன்று மணி. எதையும் விழுங்கப் பயந்து, நெற்றியில் ஈரத்துணியோடு விடியும்வரை கிடந்தேன்.

அதனால் முழு அட்டையாக வாங்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் எதற்கு என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டோலோ என்றால் இங்கே புரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும். உங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இங்கே சளிக்கு விற்கிற கிரிப்போஸ்டாட் சி-யிலும் பாராசிட்டமால் இருக்கிறது. தெரியாமல் அதையும் டோலோவையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடி, கல்லீரலைப் பாதிக்கும். பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம்.

தைராய்டு, பிரஷர், சர்க்கரை என்று தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கையோடு கொண்டுவரும்போது ஒவ்வொரு மருந்திலும் அதிகபட்சம் மூன்று மாதத் தேவைக்குத்தான் சுங்கத்தில் அனுமதி. தீர்ந்ததும் வீட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து தபாலில் மருந்து வரவழைக்க நமக்கு அனுமதி கிடையாது. அந்த மூன்று மாதத்துக்குள் இங்கே ஒரு ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டரைப் பிடித்துவிடுங்கள். புது நோயாளிகளைச் சேர்க்காத இடங்கள் நிறைய, வந்த வாரமே தேடத் தொடங்குங்கள்.

மற்றபடி எலக்ட்ரால் நாலு பாக்கெட், கொஞ்சம் பஞ்சு, பேண்டேஜ், பீட்டாடின் போதும். தைலம் உங்கள் இஷ்டம். விக்ஸ் இங்கேயும் கிடைக்கும், டப்பாவில் ‘விக்’ என்று இருக்கும். தெர்மாமீட்டர் செல்சியஸ் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் 101 என்று சொல்கிற காய்ச்சலை, இங்கே டாக்டரிடம் 38.3 என்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைகள் மூடியிருக்கும். முறைவைத்து ஏதாவது ஒன்று மட்டும் திறந்திருக்கும், எது என்று மூடிய கடையின் வாசலிலேயே எழுதியிருப்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத உடம்புக் கோளாறுக்கு, டாக்டர் கிடைக்காத நேரத்தில் 116117. உயிருக்கு ஆபத்தென்றால் 112. இந்த இரண்டு எண்ணையும் பையின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள், காய்ச்சலில் போனைத் துழாவ முடியாது.