மறு: ‘பொது அணுகல் தொலைக்காட்சி’ – வேறு சொல் வேண்டும்

> அமெரிக்காவின் ‘public access television’ என்பதைத் தமிழில் ‘பொது அணுகல் தொலைக்காட்சி’ என்றே போட்டுவிடலாமா? அகராதியில் ‘அணுகல்’ என்றுதானே இருக்கிறது.

வணக்கம் நண்பரே.

வேண்டாம் என்பேன். ‘அணுகல்’ என்றதும் எல்லாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய தொலைக்காட்சி என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பார்ப்பது இங்கே பெரிதில்லை. ஊரில் உள்ள எவரும் உள்ளே போய், தான் எடுத்த நிகழ்ச்சியை ஒளிபரப்பலாம் என்பதுதான் இதன் உயிர். ‘பொது’வை மட்டும் நம்பினாலும் சிக்கல்: பிபிசி போன்ற பொதுச்சேவை ஒளிபரப்போடு குழம்பும். அங்கே எதை ஒளிபரப்புவது என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்கிறது.

பிறந்த கதையைப் பாருங்கள். 1970இல் நியூயார்க் நகரம் மன்ஹாட்டனில் இரண்டு கேபிள் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. தெருவுக்கடியில் கம்பி பதிக்க நகரத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஈடாக, சில சேனல்களை மக்களுக்கு விட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 1971 ஜூலையில் அவை ஓடத் தொடங்கின. அதே ஆண்டு ஆவணப்பட இயக்குநர் ஜார்ஜ் ஸ்டோனியும் அவரோடு ரெட் பர்ன்ஸும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையம் தொடங்கினார்கள். சோனியின் போர்ட்டாபேக் என்ற, தோளில் மாட்டும் வீடியோ கருவி அப்போதுதான் சாதாரண மக்கள் கைக்கு வந்திருந்தது.

1972இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் (FCC) பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்களுக்கு இதை விதியாக்கியது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1984 கேபிள் சட்டம் வந்த பிறகு, இத்தகைய சேனல்களைக் கேட்டுப் பெறும் உரிமை நகராட்சிகளுக்குக் கிடைத்தது. நிகழ்ச்சிகளில் கேபிள் நிறுவனம் கைவைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது.

அந்த ஏற்பாட்டுக்கு வந்த கடுமையான சோதனை கேன்சஸ் சிட்டியில் நடந்தது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர் தங்கள் நிகழ்ச்சிக்கு நேரம் கேட்டார்கள். அவர்களை மட்டும் தடுக்க வழியில்லை என்று தெரிந்ததும், 1988இல் நகர மன்றம் சேனலையே நீக்கிவிட்டது. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1989இல், வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்ததும் நகரம் சேனலைத் திரும்பக் கொடுத்தது. அந்த அமைப்பின் பேச்சு எனக்கு அருவருப்பானது. ஆனாலும் ஒருவர் வாயை அடைக்க ஊரார் எல்லாருடைய மேடையையும் பிரித்துப்போட்டது தவறு என்றே நினைக்கிறேன். நம் சொல்லில் இந்த ‘மேடை’ இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: பொதுமேடைத் தொலைக்காட்சி.

———

ஐயா, வணக்கம்.

‘மேடை’யைவிடப் பழைய சொல் நம்மிடம் இருக்கிறதே. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்கிறோம். அந்த ஏழை சொல்லை ஏற்றத்தானே இந்த ஏற்பாடு? ‘அம்பலத் தொலைக்காட்சி’ எனலாம். இன்னொன்று, ‘தொலைக்காட்சி’ முழு நிறுவனத்தைக் குறிக்கும். இங்கே பேச்சு ஒரு சேனலைப் பற்றி. கம்பியில் வருவதை ‘அலைவரிசை’ என்பதும் உறுத்துகிறது. சிங்கப்பூரில் ‘ஒளிவழி’ என்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமே?

———

அக்கா, அந்தப் பழமொழி எனக்குத் தோன்றாமல் போயிற்றே! பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இன்று ‘அம்பலம்’ என்றால் ஊழலை அம்பலப்படுத்துவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ரகசியக் கேமரா சேனல் என்று எண்ணிவிடுவார்கள். அதனால் மேடையிலேயே நிற்கிறேன். ‘ஒளிவழி’க்கு முழுச் சம்மதம்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

பொதுமேடை ஒளிவழி – ஊரார் எவரும் தாம் ஆக்கிய நிகழ்ச்சியை, வணிக நோக்கின்றி, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற முறையில் ஒளிபரப்ப ஒதுக்கிய கேபிள் ஒளிவழி.

இதிலிருந்து பொதுமேடை நிலையம், பொதுமேடைப் படைப்பாளர் என்று கிளைக்கவும் முடிகிறது. உடன்பிறப்புகள்: கல்வி ஒளிவழி, அரசு ஒளிவழி. பணம் கட்டி நேரம் எடுப்பதற்குக் ‘குத்தகை ஒளிவழி’ சரியா?

‘மேடை’க்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்ஹாட்டன் பொதுமேடையை நடத்தும் தனியார் அமைப்பு அரசாங்கம் ஆகாது, ஆகவே அரசியலமைப்பின் பேச்சுரிமைத் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தீர்ப்பளித்தது. மேடை பொது, அதைக் காப்பவர் தனியார் என்ற நிலை. இதை விளக்கும்போது மேடை வேறு, மேடைக்காரர் வேறு என்று தமிழில் பிரித்துச் சொல்ல முடிகிறது. ‘அணுகல்’ அதற்கு இடம் தராது.