ஒன்பதாம் வகுப்பில் கணக்கு 41: பத்தாவதுக்கு எந்த டியூஷனில் சேர்ப்பது?

பாளை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜ நகரில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள், ஸ்டேட் போர்டு, இங்கிலீஷ் மீடியம். மற்ற பாடங்களில் எழுபது எண்பது வாங்கிவிடுகிறாள், கணக்கு மட்டும் அரையாண்டில் 44, முழு ஆண்டில் 41. இதுவரை டியூஷனுக்கே அனுப்பியதில்லை. ஜூனில் பத்தாம் வகுப்பு என்றதும் வீட்டில் ஒரே கலவரம். அவள் அப்பா எங்கேயாவது உடனே சேர்த்துவிடு என்கிறார், மாமியார் பொம்பளப் பிள்ளையை ராத்திரி வரைக்கும் வெளியே விடாதே என்கிறார். நான் பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள், என்னால் சொல்லித்தர முடியாது.

விசாரித்த வரையில் நாலு வழி இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர், ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை எல்லாரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து எல்லா பாடமும் எடுக்கிறார், மாதம் 700. அடுத்தது ஒரு பெரிய சென்டர். வாசலில் ஃப்ளெக்ஸ், நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைகள் போட்டோ, ஒரு பேட்சில் 45 பேர், வருஷத்துக்கு 16,000, பாதியை இப்போதே கட்ட வேண்டுமாம், மே மாதமே போர்ஷன் ஆரம்பித்துவிடுவார்களாம். மூன்றாவது, எம்.எஸ்சி. முடித்துவிட்டு டிஆர்பி (அரசு ஆசிரியர் வேலைக்கான) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், வீட்டில் ஐந்து பேருக்கு மட்டும் கணக்கு எடுக்கிறாள், வாரம் மூன்று நாள், மாதம் 1,500. நாலாவது ஆன்லைன். நான் ஒரு தடவை நம்பர் கொடுத்த பாவத்துக்குத் தினமும் போன் வருகிறது.

இன்னொரு விஷயம். ஸ்கூலில் வரப்போகிற கணக்கு சாரும் வீட்டில் டியூஷன் எடுக்கிறார், அங்கே சேர்ந்தால் "கொஞ்சம் கவனித்துக்கொள்வார்" என்று ஒரு அம்மா காதில் ஓதினார். அதுவும் குழப்பமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:

சகோதரி, நான் பதினாலு வருஷமாக வீட்டில் கணக்கு எடுக்கிறேன். என் ஊர் வேறு, அதனால் ஆள் பிடிக்கிறான் என்று நினைக்க வேண்டாம்.

டியூஷனைப் பார்க்கும் முன்னால் பிள்ளையின் விடைத்தாளைப் பாருங்கள். முழு ஆண்டுத் தாள் கைக்கு வந்திருக்காது, அரையாண்டுத் தாள் வீட்டில் எங்கேயாவது கிடக்கும். போன மார்க்கை மூன்றாகப் பிரியுங்கள். தொடாமலே விட்டது எவ்வளவு, முறை தெரிந்தும் நடுவில் கூட்டல் கழித்தலில் சறுக்கியது எவ்வளவு, முறையே தெரியாதது எவ்வளவு. இதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டால் அவளே சொல்லிவிடுவாள். திட்டாமல் கேட்க வேண்டும், அது மட்டும்தான் கஷ்டம்.

என்னிடம் நாற்பது மார்க்கோடு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தெரியாமல் இல்லை, ஏழாம் வகுப்புக் கணக்கில் ஒரு பொத்தல் இருக்கும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். பத்திலிருந்து, அடைப்புக்குறிக்குள் நாலு கழித்தல் ஏழு, இதைக் கழிக்கச் சொல்லுங்கள். அதாவது 10 − (4 − 7). விடை 13. மைனஸ் 1 என்று எழுதினால் அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கிற மைனஸை மாற்ற மறக்கிறாள் என்று அர்த்தம். அப்புறம் 2/3 + 1/4 கொடுங்கள், 11/12 வர வேண்டும். 3/7 என்று வந்தால் அங்கே இன்னொரு பொத்தல்.

இது ஏன் முக்கியம் என்றால், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மொத்தம் எட்டுப் பாடம், இந்த மைனஸ் எட்டிலும் நுழையும். ஆயத்தொலை வடிவியலில் (−2, 5), (4, −7) என்று இரண்டு புள்ளி கொடுத்துச் சாய்வு கேட்பார்கள். மேலே −12, கீழே 6, விடை −2. சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை கீழே நாலிலிருந்து இரண்டைக் கழித்து 2 என்று போட்டுவிட்டு, எனக்கு ஆயத்தொலை வடிவியல் வராது என்று அழும். வராதது அது இல்லை. சார்புகளில் மைனஸ் எண்ணைப் பிரதியிடும்போது, அணிகளைக் கழிக்கும்போது, வர்க்கமூலத்தை நீள்வகுத்தலில் போடும்போது, எல்லா இடத்திலும் இதே ஓட்டைதான் ஒழுகும். 45 பேர் இருக்கிற ஹாலில் மே மாதமே போர்ஷனை ஓட்டுகிறவருக்கு இதை நின்று பார்க்க நேரம் கிடையாது. அவர் மீது தப்பு சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி.

டெமோ கிளாஸ் போனால் போர்டைப் பார்க்காதீர்கள், அங்கே ஏற்கெனவே படிக்கிற ஒரு பிள்ளையின் டெஸ்ட் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வட்டம் போட்டு மார்க் மட்டும் இருக்கிறதா, அல்லது எந்த வரியில் தப்பு ஆரம்பித்ததோ அந்த வரிக்குக் கீழே கோடு இருக்கிறதா? பேப்பர் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து டியூஷனை எடைபோட இதைவிட நல்ல தராசு இல்லை.

தச்சநல்லூர் அப்பா:

வாத்தியார் சொல்வது சரிதான், ஆனால் சென்டரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். என் பையன் பத்தாவது படிக்கும்போது பெரிய சென்டருக்குத்தான் அனுப்பினேன். ஒன்பதாவதில் 61, பப்ளிக்கில் 93. அவன் அறிவாளியாகிவிடவில்லை, சனிக்கிழமை தோறும் டெஸ்ட், அதுதான் காரணம். வீட்டில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் பையன் கிடையாது, அங்கே உட்காரவைத்தார்கள்.

வினாத்தாள் எப்படி இருக்கிறது என்று பெற்றோரும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நூறு மார்க், மூன்று மணி நேரம். ஒன் வேர்ட் 14, எல்லாம் எழுத வேண்டும். டூ மார்க் பதினாலு கொடுத்து பத்து எழுதச் சொல்வார்கள், அது 20. ஃபைவ் மார்க்கும் அதே மாதிரி பதினாலில் பத்து, 50. கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும், எட்டு எட்டாக 16. அந்தப் பதினாறும் சும்மா கிடைக்கிற மார்க். ஜியோமெட்ரி பாக்ஸை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்து, தொடுகோடும் வடிவொத்த முக்கோணமும் கை பழகிவிட்டால் போதும். பாஸ் மார்க் 35 என்றால் கிட்டத்தட்ட பாதி அங்கேயே முடிந்தது. சென்டரில் இந்தக் கணக்கையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் டிஆர்பிக்குப் படிக்கிற பிள்ளைக்கு டெஸ்ட் நடத்த நேரம் எங்கே?

முன்னாள் சென்டர் மாணவி:

அக்கா, நான் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். மேலே அந்த அப்பா சொல்கிற மாதிரி ஒரு சென்டரில்தான் நானும் படித்தேன், எங்கே என்று வேண்டாம். 88 வாங்கினேன். ஆனால் எப்படி வாங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். தேல்ஸ் தேற்றத்தைப் படத்தோடு மனப்பாடம் செய்தேன், புக் பேக் (பாடத்தின் முடிவில் இருக்கிற பயிற்சி) ஃபைவ் மார்க் எல்லாவற்றையும் நம்பர் மாறாமல் அப்படியே உருப்போட்டேன். கட்டாய வினா இரண்டு உண்டு, 28ஆவது, 42ஆவது. இரண்டுமே எங்கள் வருஷத்தில் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வரவில்லை, இரண்டையும் விட்டுவிட்டு வந்தேன்.

அதைவிட, 45 பேர் நடுவில் கையைத் தூக்கி "சார், மூன்றாவது ஸ்டெப் புரியவில்லை" என்று கேட்க எனக்கு வாய் வராது. பையன்கள் சிரிப்பார்கள். ஒரு வருஷம் முழுக்க நான் அங்கே ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அம்மா பணம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றில் கணக்குக் குரூப் எடுத்து முதல் இரண்டு மாதம் அழாத நாளில்லை, காரணிப்படுத்துவதில் இருந்து மறுபடி கற்றுக்கொண்டேன்.

உங்கள் பொண்ணு வாயாடியா, அமைதியா? அதை வைத்து முடிவு பண்ணுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்:

ஸ்கூல் சாரிடம் டியூஷன் பற்றி யாரும் பேசவில்லையே. 2009 கல்வி உரிமைச் சட்டம் 28ஆவது பிரிவு, ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறது. அந்தச் சட்டம் எட்டாவது வரைக்கும்தான் என்று வாதாடுவார்கள், அதை விடுங்கள். "கவனித்துக்கொள்வார்" என்றால் என்ன அர்த்தம்? பப்ளிக் பேப்பரை அவரா திருத்தப்போகிறார்? வேறு ஊரில் வேறு யாரோ. என் அண்ணன் மகள் அப்படிச் சேர்ந்தாள், காலையில் வகுப்பில் அரைகுறையாகச் சொன்னதைச் சாயங்காலம் காசு வாங்கிக்கொண்டு முழுசாகச் சொன்னார்.

சென்டரில் 8,000 முன்பணம் கேட்பதையும் யோசித்துக் கட்டுங்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் போட்டது. 16 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைச் சேர்க்கவே கூடாது, இடையில் நின்றால் மீதிக் காலத்துப் பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊரில் ஏழாவதுக்கே ஐஐடி ஃபவுண்டேஷன் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், அதனால் பணம் கட்டும் முன்னால் எழுதி வாங்கிக்கொள்வதுதான் உங்களுக்குக் காவல்.

பாளை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாகப் பதில் போடாததற்குக் காரணம், விடைத்தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். பரண் மேல் பழைய நோட்டுக் கட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். முதல் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், காபி போட்டுக் கொடுத்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள். போனது 56 மார்க். அதில் தொடாமலே விட்டது 21, மூன்று ஃபைவ் மார்க்கும் மூன்று டூ மார்க்கும். கேட்டால் நேரம் போதவில்லை என்கிறாள். முறையே தெரியாதது 13 தான். மீதி 22 மார்க் வாத்தியார் சொன்ன அதே மைனஸும் பின்னமும். அந்த 10 − (4 − 7) கொடுத்தேன், ஒரு நொடி யோசிக்காமல் மைனஸ் 1 என்று எழுதினாள். எனக்கே விடை தெரியாது, நீங்கள் போட்டிருந்ததால் தப்பு என்று தெரிந்தது.

அப்புறம் அந்த எம்.எஸ்சி. பெண் வீட்டுக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனோம். அந்தப் பிள்ளை பாடம் எதுவும் நடத்தவில்லை. இதே கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு என்றாள். இவள் போட்டாள். "வெளியே இருக்கிற மைனஸ் எதையெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள். இவளும் சும்மா இருந்தாள், எனக்குத்தான் உட்கார முடியவில்லை, நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். கொஞ்ச நேரம் கழித்து இவள் மெதுவாக, "நாலை... அப்போ அந்த மைனஸ் ஏழையுமா மிஸ்?" என்றாள்.

அங்கேயே சேர்த்துவிட்டேன். முதல் இரண்டு மாதம் பத்தாவது புத்தகம் தொட மாட்டேன், பின்னமும் அடைப்புக்குறியும் காரணிப்படுத்துவதும்தான் என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, எல்லாரும் போர்ஷன் முடிக்கும்போது நம் பிள்ளை ஏழாம் வகுப்பா படிக்கும் என்கிறார். (மாமியாருக்குப் பிடித்திருக்கிறது, ஏழு மணிக்கு வீடு வந்துவிடுவாள்.) என் பயம் வேறு, அந்தப் பிள்ளைக்கு நடுவில் வேலை கிடைத்துவிட்டால்?

கணக்கு வாத்தியார்:

கிடைத்தால் கிடைக்கட்டும், நல்ல பிள்ளை. ஆறு மாதம் அவளிடம் படித்தாலே பொத்தல் அடைபட்டுவிடும், அதன் பிறகு யாரிடம் போனாலும் சமாளிப்பாள். நேரம் போதாமல் 21 மார்க் விட்டதுதான் எனக்கு இடிக்கிறது. அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை, கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். தச்சநல்லூர்க்காரர் சொன்னதை இந்த இடத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன்.

தச்சநல்லூர் அப்பா:

ஒப்புக்கொண்டதற்கு நன்றி வாத்தியாரே. சகோதரி, பல சென்டர்களில் டிசம்பருக்கு அப்புறம் டெஸ்ட் பேட்ச் மட்டும் தனியாக நடத்துவார்கள், வகுப்புக் கட்டணம் இல்லாமல் பரீட்சை மட்டும் எழுதலாம். அதை இப்போதே விசாரித்து வையுங்கள். அதுவரை வீட்டில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பழைய வினாத்தாள், டிவி கிடையாது, போன் கிடையாது, ஒரு மணிக்குப் பேப்பரைப் பிடுங்கிவிட வேண்டும்.

பாளை அம்மா:

சரி சார், விசாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு. கணக்குக்குக் கோடு போட்ட நோட்டு வாங்கவா, போடாததா?

கணக்கு வாத்தியார்:

போடாதது. வலது பக்கம் நாலு விரல் அகலம் மார்ஜின் விடச் சொல்லுங்கள். ரஃப் ஒர்க்கைக் கடைசிப் பக்கத்தில் கிறுக்காமல் அந்த மார்ஜினிலேயே போட வேண்டும், அழிரப்பரை இரண்டு மாதத்துக்கு அவளிடமிருந்து நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.