மறுமொழி: கண்ட்ரோல் ஜாயின்ட்டுக்கு 'வகிடு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் கலைச்சொல் பட்டியலில் 'கட்டுப்பாட்டு இணைப்பு' வேண்டாம். கண்ட்ரோல் ஜாயின்ட்டுக்கு, அதாவது கான்கிரீட் கண்ட இடத்தில் வெடிக்காமல் இருக்க அதன் மேல் நாமே போடும் கோட்டுக்கு, 'வகிடு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இந்தச் சொல்லைத் தீர்மானிக்க முடியாது.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டம், ஆந்திரச் சித்தூர் இல்லை. கேரளம் என்றதும் செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும், ஆனால் எங்கள் தமிழக எல்லையோரத்தில் பல இடங்களில் கரிசல்தான். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், கையை உள்ளே விடலாம். மழை விழுந்ததும் ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். இதற்குக் காரணம் அதிலுள்ள மாண்ட்மோரில்லொனைட் என்ற களிமண் கனிமம். அதன் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அடுக்குகளைத் தள்ளி வைக்கிறது, தண்ணீர் போனால் அவை மறுபடி நெருங்குகின்றன. இப்படி ஏறி இறங்கும் மண்ணின் மேல்தான் கேட்டிலிருந்து வாசல்வரை நாலடி அகலத்தில் கான்கிரீட் நடைபாதை போடுகிறோம்.

மண் மொத்தமாக ஒரே அளவில் ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. கூரைத் தண்ணீர் விழும் பக்கம் உப்பும், வேப்பமரம் இருக்கும் பக்கம் வேர் ஈரத்தை உறிஞ்சுவதால் இறங்கும். பாதையின் நடுவில் வெயில் படாத மண் ஈரமாகவே இருக்கும், இரண்டு ஓரமும் காய்ந்து சுருங்கும். அப்போது கான்கிரீட் பலகையின் ஓரங்களுக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போய்விடுகிறது. போதாததற்குக் கான்கிரீட் தானே உலரும்போது சுருங்கும். கணக்குக்கு மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. பத்து மீட்டர் பாதை என்றால் 3 மில்லிமீட்டர். அடியில் மண் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், ஆகவே எங்கேயாவது வெடித்தே தீரும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்யலாம், அதற்காகப் போடும் கீறல்தான் இந்த 'ஜாயின்ட்'.

> கட்டுப்பாட்டு இணைப்பு என்பது நேரடி மொழிபெயர்ப்பு, தேடுவோருக்கு எளிது, அப்படியே இருக்கட்டுமே.

திருச்சி நண்பர் சொல்வது புரிகிறது. ஆனால் இதில் எதுவும் எதோடும் இணையவில்லையே! ஒரே பலகை, ஒரே நாளில் ஊற்றியது, அதன் மேல்பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டுகிறோம். நாலு இஞ்ச் பலகையில் ஒரு இஞ்ச். அந்த இடம் மெலிந்துபோவதால் சுருங்கும்போது வெடிப்பு கோட்டுக்கு அடியிலேயே நேராக இறங்கிவிடும், மேலே பார்த்தால் தெரியாது. அடியில் முக்கால் இஞ்ச் ஜல்லி கரடுமுரடாகப் பிளந்து நிற்பதால் ஒரு பக்கக் கல் மறுபக்கக் குழியில் கோத்துக்கொண்டு பாரத்தைக் கைமாற்றும். இவ்வளவு வேலையும் நடப்பது அது பிரிவதால்தான்.

பெயரால் கெடுதல் வரும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒரு வீட்டில் மேஸ்திரி ஒழுங்காகக் கோடு வெட்டிவிட்டுப் போனார். அப்புறம் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் 'ஜாயின்ட்டை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்' என்று சொல்லி எல்லாக் கோட்டையும் சிமென்ட் பாலும் ஒயிட் சிமென்ட்டும் வைத்து நிரப்பிவிட்டார்கள். ஜாயின்ட் என்றால் அடைக்க வேண்டியது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அடுத்த கோடையில் ஒரு கோட்டிலிருந்து அரையடி தள்ளி, குறுக்கே கோணலாக ஒரு வெடிப்பு. மழைக்காலத்தில் அதன் ஒரு விளிம்பு கால் தட்டும் அளவுக்குத் தூக்கிக்கொண்டது. அந்த வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், நடக்கவே பயப்படுகிறார்கள். அடைக்கத்தான் வேண்டும் என்றால் பாலியூரித்தேன் சீலன்ட் போல இழுபடும் பொருளால் அடைக்கலாம், சிமென்ட் கூடாது. 'இணைப்பு' என்று தமிழிலும் வைத்தால் இதே தவறுக்கு நாமும் வழிசெய்துவிடுகிறோம்.

சரி, ஏன் வகிடு? வகிர் என்றால் பிள, கிழி. அதிலிருந்து வந்ததுதான் தலைமுடிக்கு எடுக்கும் வகிடு. முடி இரண்டு பக்கமும் பிரிந்து படிவதற்காக நாமே முன்கூட்டி எடுக்கும் நேர்கோடு அது. கான்கிரீட்டில் செய்வதும் அச்சு அசல் அதுவே. இன்னொரு வசதி, இதற்கு வினை தயாராக இருக்கிறது: வகிடு எடு. 'நாலடிக்கு ஒரு வகிடு எடுங்க' என்று சொன்னால் வேலையாளுக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் ஊரில் வேலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் மலையாளம் பேசுபவர்கள், அவர்களும் 'வகஞ்ஞு மாற்றுக' என்று சொல்வதால் அவர்களுக்கும் வேர் பிடிபடும். இதே காரணத்தால்தான் முன்பு ஒருவர் சொன்ன 'விள்ளல்' எனக்குச் சரிப்படவில்லை. மலையாளத்தில் அது வெடிப்பு, தமிழில் ஒரு விள்ளல் என்றால் தின்பண்டத்தில் பிய்த்த துண்டு. எல்லையில் நின்று பேசுபவர்களுக்கு இரண்டும் மோதும்.

> வகிடு அலங்காரச் சொல். பொறியியல் நூலில் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஐயா, இதை மட்டும் ஏற்க மாட்டேன். மதகுக்குக் கண் இருக்கிறது, ஊசிக்குக் காது இருக்கிறது, ஓட்டு வீட்டில் கைமரம் இருக்கிறது, மாடியில் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. நம் தொழில் சொற்கள் உடம்பிலிருந்துதான் நிறைய வந்திருக்கின்றன, யாரும் குறைவாக நினைத்ததில்லை. நூலில் வந்து வந்துதான் ஒரு சொல்லுக்கு மதிப்பு ஏறுகிறது, எழுதாமல் ஒதுக்கினால் எப்படி ஏறும்?

'வெட்டுக்கோடு' என்று வைத்தாலும் பரவாயில்லை, ஆனால் வகிடு எப்போதும் வெட்டி எடுப்பதில்லை. மூன்று வழியில் எடுக்கிறார்கள். மேலே மிதந்த தண்ணீர் வற்றியதும் நீளக் கட்டை வைத்துக் கரணையால் கீறுவது ஒன்று. பழைய மொசைக் தரையில் செய்ததுபோலக் கண்ணாடிப் பட்டியை முன்பே நட்டுவிடுவது இன்னொன்று. இறுகியபின் கட்டர் மெஷினால் அறுப்பது மூன்றாவது. மெஷினால் அறுப்பதில் எங்கள் பக்கம் ஒரு ஆபத்து உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் அது அடிக்கும் வேகத்துக்கு ஊற்றிய கான்கிரீட்டின் மேல்தோல் மளமளவென்று காய்ந்துவிடும், நாளைக் காலையில் அறுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும். ஓரம் பெயராமல் அறுக்கும் அளவுக்கு இறுகியதும் அன்றைக்கே அறுத்துவிட வேண்டும். காற்றுக்காலத்தில் ஊற்றிய கையோடு பாலித்தீன் விரித்து மூடுவதும், பிறகு ஈரச் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருப்பதும் அவசியம். சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காலம் என்றால் 10 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் வெயிலில் 14 நாள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நாளே சாக்கை எடுத்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

இடைவெளியைப் பற்றி: நாலு இஞ்ச் பலகைக்கு எட்டடியிலிருந்து பத்தடிக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. நடைபாதையில் துண்டு சதுரமாக இருப்பது நல்லது, நாலடி அகலத்துக்கு நாலடிக்கு ஒரு வகிடு, மிஞ்சினால் ஆறடி. கரிசலில் நான் நாலடியைத் தாண்ட விடமாட்டேன். கம்பி போட்டால் வகிடு வேண்டாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி வெடிப்பைத் தடுக்காது, வெடித்ததை அகலாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

வகிடு என்பதை ஏற்றால் இன்னும் இரண்டு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இப்போது மூன்றையும் ஜாயின்ட் என்றே சொல்லிக் குழப்புகிறோம். பாதை வீட்டுச் சுவரையோ படியையோ தூணையோ தொடும் இடத்தில் முழு ஆழத்துக்கு அரை இஞ்ச் விட்டு அமுங்கிக்கொடுக்கும் மெதுபலகை வைப்பது 'விலகுவெளி'. வீடு ஆழமான அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கும், பாதை மண்ணோடு ஏறி இறங்கும், இரண்டையும் ஒட்டிவிட்டால் ஏதாவது ஒன்று உடையும். இன்னொன்று நேற்று ஊற்றியதும் இன்று ஊற்றியதும் சந்திக்கும் இடம், அதற்கு மேஸ்திரிகள் சொல்லும் 'ஒட்டு' போதும். கரிசலில் ஒட்டு வரும் இடத்தில் ஒரு பாதிக்குக் கிரீஸ் தடவிய வழுவழுப்பான கம்பிகளைக் குறுக்கே வைத்தால் ஒரு பலகை மற்றதைவிட மேலே தூக்காது, நீளவாக்கில் நகரவும் செய்யும்.

> சொல்லை விடுங்கள், கரிசலில் எதைப் போட்டாலும் நிற்காது என்பதுதான் அனுபவம்.

அப்படி இல்லை. வகிடு கான்கிரீட்டின் சுருக்கத்தைத்தான் கவனிக்கும், மண்ணின் வீக்கத்தைக் கீழேயே கவனிக்க வேண்டும். முதலில் மண் எவ்வளவு உப்பும் என்று பாருங்கள், ஆய்வகத்தில் செய்வது மிக எளிய சோதனை. காய்ந்த சலித்த மண் 10 கிராம் தண்ணீரிலும் 10 கிராம் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, ஆகவே இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் மண்ணெண்ணெய் அளவில் எத்தனை விழுக்காடோ அதுவே வீக்கம். 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் அஞ்ச வேண்டாம், 100-ஐத் தாண்டினால் மேல்மண்ணை ஓரடியாவது வாரி எடுத்துவிட்டு உப்பாத செம்மண் கிராவலை ஆறு இஞ்ச் ஆறு இஞ்சாகப் போட்டு நனைத்துத் திமிசு அடிக்க வேண்டும். எடுத்த பள்ளத்தில் வெறும் மணலையோ எம்சாண்டையோ கொட்டாதீர்கள். மணல் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கரிசல் பள்ளத்தில் வெளியேற வழியில்லாமல் நிற்கும், அடிமண் இன்னும் அதிகமாக உப்பும். மண்ணை மாற்ற வசதியில்லாத இடத்தில் நீற்றிய சுண்ணாம்பை எடையில் 3 முதல் 5 விழுக்காடு கலந்து இறுக்கலாம், சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களிமண்ணின் வீங்கும் குணத்தைக் குறைத்துவிடும். பாதைக்கு வீட்டிலிருந்து வெளிப்பக்கம் அடிக்குக் கால் இஞ்ச் சாய்வும், கூரைத் தண்ணீரைப் பாதை ஓரத்தில் விழவிடாமல் குழாய் போட்டுத் தள்ளி விடுவதும் சேர்ந்தால் கரிசலிலும் நன்றாகவே நிற்கும்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

வகிடு: கான்கிரீட் பலகை உலர்ந்து சுருங்கும்போது வெடிப்பு நேராக விழுவதற்காக, அதன் மேற்பரப்பில் பலகைக் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு முன்கூட்டியே எடுக்கும் கோடு. சிமென்ட்டால் அடைக்கக் கூடாதது.

கடைசி வாக்கியம் வரையறைக்குள் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எனக்கு வேண்டும், பட்டியலைப் பார்த்து வேலை செய்பவர் அந்த ஒரு வரியையாவது படிப்பார்.

ஆந்திர எல்லைப் பக்கம், நகரி, புத்தூர், திருத்தணி வட்டாரத்திலிருந்து எழுதுபவர்கள் இருக்கிறீர்கள். தெலுங்கில் வகிட்டுக்குப் 'பாபிடி' என்பார்கள், அங்கே மேஸ்திரிகள் இந்தக் கோட்டுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வேலைத்தளத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் புழங்கினால் வகிட்டைவிட அதையே எடுத்துக்கொள்ள நான் தயார்.