வெளிச்சுவர்ப் பலகைக்கு 190 டிகிரி போதுமா, 212 வேண்டுமா? (சூளைக்கணக்கு, கணுப்பலகை, தச்சுமுறை, மொட்டைமாடி என்ற புனைபெயர்களில் நால்வர் பேசுகிறார்கள்.)

சூளைக்கணக்கு:
பின்லாந்தில் சூளையில் வேகவைத்த பைன் பலகை (தெர்மோவுட்) இரண்டு தரத்தில் வருகிறது. 'எஸ்' தரம் 190 டிகிரி செல்சியஸ், 'டி' தரம் 212. இரண்டிலும் 3 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். எஸ் என்றால் வடிவம் நிலைப்பது, டி என்றால் நீடித்து உழைப்பது. வெளிச்சுவருக்கு எஸ் போதும், விலையும் கொஞ்சம் குறையும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். அது தவறு என்பதுதான் என் கட்சி.

முறை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் அந்நாட்டின் ஆய்வு நிறுவனமான விடிடி வகுத்தது. மருந்து எதுவும் கிடையாது. வெப்பமும் நீராவியும் மட்டும்தான். முதல் கட்டத்தில் சூளையை 100 டிகிரிக்கு வேகமாக ஏற்றி, அங்கிருந்து 130 வரை மெதுவாகக் கொண்டுபோவார்கள். அதற்குள் பலகையின் ஈரம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் குறித்த வெப்பநிலைக்கு ஏற்றி இரண்டு, மூன்று மணி நேரம் நிறுத்துவார்கள். மூன்றாவதில் தண்ணீர் தெளித்து 80–90 டிகிரிக்கு இறக்கி, ஈரத்தை 4 முதல் 7 சதவீதத்துக்குத் திரும்ப ஏற்றுவார்கள். நீராவிதான் போர்வை. உள்ளே ஆக்சிஜன் 3–5 சதவீதத்தைத் தாண்டினால் பலகை வேகாது, கருகும்.

இதில் முதலில் சிதைவது மரத்தின் செல்சுவரில் உள்ள சர்க்கரைப் பொருளான ஹெமிசெல்லுலோஸ். தண்ணீரை இழுத்துப் பிடிப்பதும் அதுதான், பூஞ்சைக்கு எளிதில் கிடைக்கும் தீனியும் அதுதான். அதிலிருந்து பிரியும் அசிட்டிக் அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். 190இல் இது பாதியில் நிற்கிறது. மழை படும் இடத்துக்குப் பாதி வேலை போதாது.

கணுப்பலகை:
வேதியியல் சரி. ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை விட்டுவிட்டீர்கள். வெப்பம் ஏற ஏற மரம் நொறுங்கும் குணத்துக்கு வருகிறது. வளைவு வலிமை 30 சதவீதம் வரை குறையலாம். ஸ்க்ரூவைப் பிடித்து நிற்கும் பலமும் குறைகிறது. 20 மி.மீ. பலகையில் நாக்கு (அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் நுழையும் ஓரம்) எவ்வளவு மெல்லியது என்று யோசித்துப் பாருங்கள். 212இல் வெந்த பலகையைச் சுத்தியலால் தட்டிச் சேர்த்தால் அந்த நாக்கு நீளவாக்கில் பெயர்ந்து வருகிறது. செத்த கணுக்கள் சுருங்கி, இழைக்கும்போதே தெறித்து விழுகின்றன. முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஸ்க்ரூ போட்டாலும், முன்கூட்டித் துளையிடவில்லை என்றால் பிளந்துவிடும்.

செங்குத்தான சுவரில் தண்ணீர் தேங்குவதில்லை, வழிந்துவிடும். பின்னால் 25 மி.மீ. காற்று இடைவெளி விட்டு ரீப்பர் அடித்திருந்தால் மழை நின்ற சில மணி நேரத்தில் பலகை காய்ந்துவிடும். அங்கே 190 தாராளம்.

சூளைக்கணக்கு:
சுவரின் நடுப்பகுதிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். சுவர் அங்கே அழுகுவதில்லையே! ஜன்னலுக்குக் கீழே, பலகை முட்டும் மூட்டில், தரையை ஒட்டிய வெட்டுமுனையில்தான் அழுகத் தொடங்கும். வெட்டுமுனை உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரை இழுக்கும். ஐரோப்பிய உழைப்பு வகுப்பில் எஸ் தரம் 3, டி தரம் 2. பைனின் வெள்ளைப் பகுதி (பட்டையை ஒட்டிய வெளிமரம்) வேகவைக்காமல் அப்படியே இருந்தால் கடைசி வகுப்பான 5. ஒரே பலகையில் வெள்ளையும் வைரமும் (நடுமரம்) கலந்துதான் வருகின்றன. வெள்ளையையும் சேர்த்துக் காப்பதற்குத்தானே இத்தனை வெப்பம்?

அசைவையும் பாருங்கள். 140 மி.மீ. அகலப் பைன் பலகை, பருவத்துக்குப் பருவம் ஈரம் 8 சதவீதம் மாறினால், ஏறத்தாழ 3 மி.மீ. விரிந்து சுருங்கும். 212இல் வெந்தது அதில் பாதிதான் அசையும். பூச்சு வெடிக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

தச்சுமுறை:
இருவரும் இரண்டாம் கட்டத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டே வாதாடுகிறீர்கள். கெட்டுப்போகும் பலகைகளில் பெரும்பாலும் குற்றம் முதல் கட்டத்திலோ மூன்றாம் கட்டத்திலோ இருக்கும்.

சூளைக் காற்றின் வெப்பத்துக்கும் பலகை நடுவின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் மேல்தோல் காய்ந்து இறுகிவிடும், உள்ளே இழுவிசை தாங்காமல் விரிசல் விடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. குறுக்கே அறுத்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அடுக்கும்போது இடைக்குச்சிகள் ஒரே கனத்தில் இல்லாவிட்டால் காற்று ஒரு பக்கமாகவே ஓடும். அடுக்கின் ஓரம் வெந்திருக்கும், நடு வேகாது. மேலே 212 என்று முத்திரை குத்தியிருந்தாலும் நடுவிலிருந்து எடுத்த பலகைக்கு அந்த எண் பொருந்தாது.

கணுப்பலகை சொன்ன நாக்கு உடைவது பல நேரம் மூன்றாம் கட்டத்தைக் குறுக்கியதன் விளைவு. ஈரம் 2 சதவீதத்தில் இருக்கும்போதே வெளியே எடுத்து இழைத்தால் எந்தத் தரமும் நொறுங்கும். சுவரில் ஏறிய பிறகு ஈரத்தை இழுத்து விரிந்து ஒன்றையொன்று நெருக்கும்.

கணுப்பலகை:
ஈரம் பற்றிச் சொன்னது நியாயம், ஏற்கிறேன். ஆனாலும் 5 சதவீத ஈரத்தில் இரண்டு தரத்தையும் பக்கத்தில் வைத்து இழைத்தால் 212தான் அதிகம் சில்லு பெயரும். கணு குறைந்த மரமாகப் பொறுக்கினால் டி தரத்துக்கு நானும் எதிரியில்லை. கணு நிறைந்த மலிவு மரத்தை 212இல் வேகவைத்து "உழைக்கும்" என்று விற்பதைத்தான் ஏற்க முடியாது.

மொட்டைமாடி:
ஒரு சந்தேகம். சென்னை, கொழும்பு மாதிரி ஊரில் இதைச் சுவருக்குப் போட்டால் கரையான் வராதா?

தச்சுமுறை:
வரும். பூஞ்சைக்குத் தாக்குப்பிடிக்கும் மரம் கரையானுக்கும் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். வெப்பம் மரத்தில் விஷம் எதையும் சேர்ப்பதில்லை. கரையான் உள்ள ஊரில் அஸ்திவாரத்தில் தனித் தடுப்பு வேண்டும். எங்கே போட்டாலும் மண்ணைத் தொடவிடக் கூடாது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். பாரம் தாங்கும் உத்திரத்துக்கும் இது ஆகாது.

சூளைக்கணக்கு:
கடலோரம் என்றால் ஸ்க்ரூ ஏ4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மரத்தில் மிஞ்சிய அமிலமே சாதா ஆணியை அரித்துக் கறுப்புக் கறை இறக்கும், உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். பழுப்பு நிறத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். வெயில் படும் பக்கம் நிறமிப் பூச்சு இல்லாவிட்டால் எந்தத் தரமும் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும்.

மொட்டைமாடி:
வந்திறங்கிய சரக்கு சரியாக வெந்ததா என்று எப்படித்தான் பார்ப்பது? ஈரமானி போதுமா?

தச்சுமுறை:
சாதா மரத்துக்கு அளவு குறித்த ஊசி ஈரமானி இதில் தப்பாகக் காட்டும், நம்ப வேண்டாம். அடுக்கின் ஓரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று என இரண்டு பலகை எடுங்கள். முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் குறுக்கே ஒரு துண்டு அறுத்து, வெட்டுமுகத்தில் உள்விரிசல் இருக்கிறதா, நிறம் தோலிலிருந்து நடுவரை ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு துண்டை உடனே எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி போடுங்கள். 84 கிராம் 80 ஆனால் ஈரம் 5 சதவீதம், இறக்கிக்கொள்ளலாம். 82தான் 80 ஆகிறது என்றால் அது 2.5 சதவீதம். அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.