பிற்றோ குழாயில் குளவி: கண்டதைச் சொல்லுங்கோ

ஓமந்தை

செஸ்னா 172, சின்ன ஒற்றை எஞ்சின் விமானம். மூன்று நாள் வெளியில நின்றது, பிற்றோவுக்கு (எதிர்க்காற்றின்ரை அமுக்கத்தை வேகமானிக்குக் குடுக்கிற குழாய்) உறை போடேல்லை. ஓடுபாதையில ஓட வெளிக்கிட்டாச்சு, எஞ்சின் சுற்று, எண்ணெய் அமுக்கம் எல்லாம் பச்சையில. வேகமானி ஊசி மட்டும் சுழியத்தில கிடக்குது. 55 நொட்ஸில மூக்கைத் தூக்கவேண்டிய விமானம். பைலற் துரொட்டிலை (எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கிற பிடி) இழுத்து நிப்பாட்டிப்போட்டார். குழாய் வாயில ரோச் அடிச்சால், கொஞ்சம் உள்ளுக்கு, மெழுகி விட்டமாதிரி மண். உடைச்செடுக்க சின்னச் சின்னச் சிலந்திகள். செத்ததும் இல்லை, காலை மெதுவா அசைக்குதுகள். குளவி தன்ரை புழுவுக்கு வைச்ச தீன். எங்கட பக்கம் தண்ணி இறைக்கிற மெசினின்ரை புகைக்குழாயிலயும் திறப்போட்டையிலயும் மண் வைக்கிற அதே சாதிதான். உறை போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முறிகண்டி

மண்ணை எப்படி எடுத்தார்கள் என்று எழுதவில்லையே அண்ணை. கம்பியால் குத்தி எடுத்த ஒரு குழாயைக் கண்டேன். மண் வந்துவிட்டது. ஆனால் மிச்சத் தூள் அடியில் இருக்கும் சின்ன வடிகால் ஓட்டையில் போய் இறுகிவிட்டது. அதுதான் பெரிய ஆபத்து.

முன்வாய் மட்டும் அடைத்து வடிகால் திறந்திருந்தால், உள்ளே இருக்கும் அமுக்கம் கசிந்து ஊசி சுழியத்துக்கு வரும். தரையிலேயே தெரிந்துவிடும். இரண்டும் அடைத்தால் அமுக்கம் உள்ளே பூட்டுப்பட்டுவிடும். விமானம் மேலே ஏற ஏற வெளியமுக்கம் குறையும், வேகமானி கூட்டிக் காட்டும். வேகம் கூடிவிட்டது என்று நினைத்து மூக்கைத் தூக்கினால் உண்மையான வேகம் விழுந்து விமானம் தாங்குசக்தி இழக்கும் (ஸ்ரோல் என்பது இதைத்தான்). 1996 பெப்ரவரி 6, டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் பேர்கன்எயார் போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தது இப்படித்தான். உறை போடாமல் நின்ற விமானம். குளவிக் கூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது விசாரணையின் முடிவு.

சரியான முறை: குழாய் லைனை வேகமானிப் பக்கம் கழற்று. கழற்றாமல் காற்றடித்தால் மானிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டுப்பெட்டி கிழியும். குறைந்த அமுக்கத்தில் உலர்ந்த காற்றை உள்ளிருந்து வெளியே விடு, வெளியிலிருந்து உள்ளே ஒருபோதும் இல்லை. வடிகாலால் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பார். திரும்பப் பூட்டிய பிறகு கசிவுப் பரிசோதனை. ஸ்ரற்றிக் லைனையும் (அசையாத வெளிக்காற்றின் அமுக்கத்தை மானிகளுக்குக் கொடுக்கும் குழாய்) திறந்திருந்தால் அதற்கும் வேண்டும். கபினுக்கு அமுக்கம் ஏற்றாத விமானத்தின் ஸ்ரற்றிக் லைனுக்கு அமெரிக்க விதி இது: 1 அங்குல இரசம் (அமுக்க அலகு) அளவுக்குக் காற்றை உறிஞ்சு, பூட்டு, 1 நிமிடத்தில் உயரமானி 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. உறிஞ்சும்போது வேகமானி ஊசியும் ஏறும், அதில் ஒரு கண் இருக்கட்டும். விடும்போது மெதுவாக விடு, சட்டென்று விட்டால் ஏற்றஇறக்கமானி பழுதாகும்.

நெடுங்கேணி

ஓமந்தை அண்ணை, "உறை போட்டிருந்தால்" எண்டு முடிச்சது பாதிக்கதை. 2018 ஜூலையில பிரிஸ்பேனில மலேசியன் எயார்லைன்ஸ் எயார்பஸ் ஏ330 மூன்று பிற்றோவிலயும் உறையோடையே மேலை ஏறினது. அந்த உறை போட்டதே குளவிக்குப் பயந்துதான். நல்லவேளை, பத்திரமாத் திரும்பி இறங்கிச்சு. 1996 ஒக்ரோபர் 2, லீமாவில ஏரோபெரு 757: கழுவுறதுக்காக ஸ்ரற்றிக் ஓட்டைகளுக்கு ஒட்டின ரேப்பைக் கழட்டேல்லை, 70 பேர் போனவை. வெள்ளி நிற ரேப், வெள்ளி நிற உடம்பு, இரவு. ஆருக்குத் தெரியும்?

மூன்று நாளும் தேவையில்லை. 2013 நவம்பரில அதே பிரிஸ்பேனில எதிஹாட் ஏ330 தரையில நின்றது ஏறக்குறைய 2 மணித்தியாலம், அதுக்குள்ள குளவி மண் வைச்சிட்டுது. மாரி முடிஞ்சு குளக்கரை மண் ஈரமா இருக்கிற காலம் எங்கடை இடத்திலயும் அப்பிடித்தான். எண்டபடியா உறை வேணும். ஆனால் உறையைப் போடுறதை ஒரு வேலையா எழுதவேணும். போட்ட உடன தொழில்நுட்பப் பதிவேட்டில ஒரு வரி திற, எத்தினை உறை எண்டு எண்ணிக்கையோட. கழட்டினபிறகு அந்த வரியை மூடு, கையெழுத்தோட. சிவப்பு நாடா கிழிஞ்சு கட்டையாப் போன உறையைத் தூக்கி எறி. நாடா நிலத்தில நிண்டு பார்த்தால் தெரியவேணும். கழட்டின உறையைக் கையில வைச்சு எண்ணு, பையுக்க போட்டபிறகு எண்ணாத. ரேப் ஒட்டவேணுமெண்டால் கண்ணைக் குத்துற நிறத்தில ஒட்டு, அதையும் எழுது.

குளவிக்கூட்டைப் பைலற் வாயால சொல்ல, பொடியன் ஒருத்தன் கம்பியால குத்திப்போட்டு விடுறது பராமரிப்பு இல்லை. பழுது எழுத்தில வரவேணும், உரிமம் உள்ளவர் சேவைக்கு விடுவிக்கிற கையெழுத்து வைக்கவேணும். அது வரைக்கும் அந்த விமானம் பறக்கத் தகுதியில்லை.

விசுவமடு

உறையோட பிற்றோ ஹீற்றரைப் (குழாயில பனி உறையாமல் சூடாக்கிறது) போட்ட ஒன்றைக் கண்டன். உறை உருகி குழாயில ஒட்டி, கருகின மணம். சுரண்டி எடுக்கப் பார்த்து வாய்விளிம்பில கீறல். அதோடை அந்தக் குழாய் முடிஞ்சுது, புதுசுதான். வாய்விளிம்பு கொஞ்சம் சிதைஞ்சாலும் வேகம் பிழையாக் காட்டும்.

ஓமந்தை

நெடுங்கேணி சொன்ன பதிவேட்டு விசயம் சரி, நான் விட்டது என்ரை பிழை. முறிகண்டி தங்கச்சி, வடிகாலையும் பார்த்துத்தான் விட்டவை, லைன் கழட்டித்தான் ஊதினவை. இன்னொண்டு. 172 இல பிற்றோவை மட்டும் பார்த்திட்டு வராதேங்கோ. இடப்பக்கத்திலயே இன்னும் மூன்று ஓட்டை: மூக்குப் பக்கம் உடம்பில ஸ்ரற்றிக், இறக்கை முன்விளிம்பில ஸ்ரோல் எச்சரிக்கை, இறக்கைக்குக் கீழ எரிபொருள் ராங்கின்ரை காற்றுக்குழாய். கடைசியானதில மண் வைச்சால் ராங்குக்குள்ள காற்றுப் போகாது, எரிபொருள் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஸ்ரோல் ஓட்டைக்குச் சுத்தமான துணியை வைச்சு வாயால உறிஞ்சினால் ஊதல் சத்தம் கேக்கவேணும். கேக்காட்டில் அதையும் திறந்து பார்க்கவேணும்.